வாரம் ஒருநாள் மட்டும் குடித்தால் ஈரல் தப்பிவிடுமா?

இளவேனில்:
தினமும் குடிப்பவர்களுக்குத்தான் ஈரல் கெடும். நான் ஆறு நாள் தொடுவதே இல்லை. சனிக்கிழமை இரவு மட்டும் ஆறேழு பெக். கணக்குப் பார்த்தால் நாளுக்கு ஒன்றுதான். போன மாத ஈரல் பரிசோதனையும் சரியாகவே இருந்தது. பிறகு ஏன், வாரம் ஒருநாள் குடித்தாலும் ஈரல் கெடும் என்ற இந்தப் பயமுறுத்தல்?

ஆய்வகத்தான்:
ஏழால் வகுப்பது உங்கள் கணக்கு. ஈரலுக்கு அது தெரியாது. ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு பெக்கைத்தான் அதனால் சிதைக்க முடியும். மீதி ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அதற்கு முன்பே குடல் அடிவாங்கிவிடுகிறது. குடற்சுவரின் செல்களை இறுகப் பிணைத்திருக்கும் இணைப்புகளை மது தளர்த்துகிறது. அந்த இடுக்கில் பாக்டீரியா நச்சு கசிந்து நேரே ஈரலுக்குப் போய் அழற்சியைக் கிளப்புகிறது. 2014இல் வெளியான ஓர் ஆய்வில் நல்ல உடல்நலத்தோடு இருந்த 25 பேரை ஒரே ஒரு முறை அதிகமாகக் குடிக்கவைத்துப் பார்த்தார்கள். அரை மணி நேரத்திலேயே அந்த நச்சு ரத்தத்தில் ஏறிவிட்டது.

இளவேனில்:
ஏறியது இறங்கியிருக்குமே! அந்த 25 பேருக்கும் ஈரல் நோயா வந்துவிட்டது? ஈரலில் கொழுப்பு படிந்தாலும் சில வாரங்களில் கரைந்துவிடும் என்று மருத்துவர்களே சொல்கிறார்கள்.

ஆய்வகத்தான்:
நோய் வந்ததா என்று அந்த ஆய்வு பார்க்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். கொழுப்பு கரையும் என்பதும் உண்மைதான், குடியை நிறுத்தினால். சில வாரம் பிடிக்கும் வேலைக்கு நீங்கள் தருவது ஆறு நாள். திங்கட்கிழமை காலையில் ஆய்வகத்துக்கு வரும் ரத்த மாதிரிக் குப்பிகள் சிலவற்றைச் சுழற்றி எடுத்தால், வைக்கோல் நிறத்தில் தெளிந்திருக்க வேண்டிய சீரம், அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, கொழுப்பு ஏறிப் பால் போலக் கலங்கி நிற்கும். விசாரித்தால், "சனிக்கிழமை மட்டும்தான்" என்பார்கள். ஈரலில் தழும்பு விழுந்த பிறகும், ஈரல் பரிசோதனையில் பார்க்கும் நொதி அளவுகள் சரியாக இருப்பதுண்டு. அந்த ஒரு தாளை நம்பாதீர்கள்.

தமக்கை:
என் தம்பியும் இதையேதான் சொன்னான். ஞாயிறு காலை வாந்தி எடுப்பான். ஒருநாள் தொட்டியின் வெள்ளை விளிம்பில் சிவப்பாக ஒரு கோடு. நான் பார்ப்பதற்குள் தண்ணீர் ஊற்றிவிட்டான். பிறகு வெள்ளிக்கிழமையும் சேர்ந்துகொண்டது. ஈரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்தபோது அவனுக்கு 41 வயது. அதற்குமேல் எழுத முடியவில்லை.

இளவேனில்:
வருந்துகிறேன் அக்கா. ஆனாலும் நான் வெள்ளிக்கிழமையைச் சேர்க்கவில்லை. இரண்டும் ஒன்றல்ல என்றே இன்னும் நினைக்கிறேன். ஞாயிறுதோறும் வயிற்றுப்போக்கு எனக்கும் இருக்கிறது. அது அந்தக் கசிவினாலா?

ஆய்வகத்தான்:
அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. குடல் நீரை உறிஞ்சுவதை மது கெடுக்கிறது. போக்குக்கு அதுவே போதும். இரண்டு மாதம் ஒரு சொட்டும் தொடாமல் இருந்து, மருத்துவரைப் பார்த்து ஸ்கேனும் எடுங்கள். எடுத்ததும் இங்கே வந்து எழுதுங்கள், காத்திருக்கிறேன்.