ராத்திரியில் பிரஷர் பம்ப் தானாக ஓடுகிறது: லீக்கை எப்படிக் கண்டுபிடிப்பது?

மேல்மாடிக்காரி:

கொழும்பு வெள்ளவத்தையில் கடல் பக்க லேன் ஒன்றில் இரண்டு மாடி வீடு. நீர்ச்சபைத் தண்ணீர் கீழே சம்புக்கு வந்து மேல் சிலாப்பில் உள்ள தாங்கிக்கு ஏறும். தாங்கிக்குப் பக்கத்தில் பிரஷர் பம்ப், அதோடு சிவப்பு நிற 24 லீற்றர் வெசல் (உள்ளே ரப்பரும் காற்றும் இருந்து பிரஷரைப் பிடித்து வைக்கும் சிறு தாங்கி). அந்த லைன்தான் குளியலறைகளுக்கும் 200 லீற்றர் சோலர் ஹொட் வோட்டர் தாங்கிக்கும் போகிறது.

யாரும் டாப் திறக்காமலே பம்ப் ஓடுகிறது. எல்லோரும் படுத்த பிறகு என் அறைக்கு நேர் மேலே 'டக்' என்று சுவிட்ச் விழும், ஓரிரு விநாடி உறுமல், பிறகு அமைதி. அரை மணித்தியாலம் போக மறுபடி அதே கதை. ராத்திரியில் யார் குளிக்கிறது என்று மாமி விசாரணையே வைத்துவிட்டார். கேஜ் முள் 2.8 பாரில் இருந்து மெல்ல இறங்கி 1.4 வந்ததும் பம்ப் பிடிக்கிறது. பகலில் வேறு கூத்து. ஷவர் திறந்தால் பம்ப் விட்டு விட்டு ஓடுகிறது, தண்ணீரும் கூடிக் குறைந்து வருகிறது.

பம்ப் முடிந்தது, புதிது போடுங்கள் என்றார் ஒரு பாஸ். சுவருக்குள் பைப் வெடித்திருக்கும், கீழ்க் குளியலறை டைல்ஸை உடைக்கவேண்டும் என்றார் இன்னொருவர். சுவரில் ஈரமே இல்லை. சிஸ்டர்ன்களில் கலர் கரைத்துப் பார்த்தேன், கொமட்டுக்குள் இறங்கவில்லை. டைல்ஸில் கை வைக்க முன் எதையெல்லாம் பார்க்கலாம்?

கடற்கரைத்தெருவான்:

பம்பை மாத்துங்க. எங்கள் வீட்டில் மாத்தினதும் சரியாச்சு.

பழைய ஸ்பனர்:

தங்கச்சி, டைல்ஸை விடுங்கள். பம்ப் ஓரிரு விநாடிதான் ஓடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், விஷயம் அதில்தான் இருக்கிறது. காற்று சரியாக உள்ள 24 லீற்றர் வெசல் என்றால் 2.8 இலிருந்து 1.4 க்கு இறங்க ஏழெட்டு லீற்றர் தண்ணீர் வெளியே போகவேண்டும். அதைத் திருப்பி நிரப்ப ஓரிரு விநாடி போதாது. ஆகவே உங்கள் வெசலில் காற்று இல்லை. காற்று இல்லாவிட்டால் ஒரு டம்ளர் தண்ணீர் போனாலே முள் விழுந்துவிடும். ஷவரில் பம்ப் விட்டு விட்டு ஓடுவதும் அதனால்தான். லீக் இருக்கிறது, ஆனால் சொட்டு லீக்.

முதலில் வெசல். பம்ப் பிளக்கைக் கழற்றி, மேல் தாங்கியில் இருந்து பம்புக்கு வரும் வால்வையும் பூட்டி, ஒரு டாப்பைத் திறந்து கேஜ் பூச்சியத்துக்கு வரவிடுங்கள். வெசலின் பின்பக்க மூடிக்குள் கார் டயரில் இருக்கும் அதே வால்வு இருக்கும். நடு ஊசியை அழுத்துங்கள். தண்ணீர் வந்தால் உள்ளே ரப்பர் கிழிந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். ஒன்றுமே வராவிட்டால் சைக்கிள் பம்பால் 1.2 பார் வரை அடியுங்கள். பம்ப் பிடிக்கும் அளவை விடக் கொஞ்சம் குறைவாக இருக்கவேண்டும், அதுதான் கணக்கு.

அப்புறம் சொட்டு. கேஜுக்குப் பிறகு வீட்டுக்குப் போகும் கேட் வால்வைப் பூட்டிவிட்டுப் பாருங்கள். அப்போதும் முள் இறங்கினால் தண்ணீர் நொன் ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் போகவிடும் வால்வு) வழியாக மேல் தாங்கிக்கே திரும்பிப் போகிறது. இறங்காவிட்டால் குற்றம் வீட்டுப் பக்கம். அந்த வால்வைத் திறந்து, ஹொட் வோட்டர் தாங்கிக்குக் குளிர் தண்ணீர் போகும் வால்வை மட்டும் பூட்டிப் பாருங்கள். முள் நின்றுவிட்டால் சொட்டு அந்தப் பக்கம்தான். இதை இரவில் மட்டும் செய்யுங்கள். வெயிலில் பூட்டி வைத்தால் சூடாகிப் பெருகும் தண்ணீருக்குப் போக வழி இருக்காது.

ஹரோ தம்பி:

நானும் வெள்ளவத்தைதான், இப்போது லண்டனில். இங்கே வீட்டைச் சூடாக்கும் பொய்லரில் இதே நோயை வீட்டுக்கு வீடு பார்க்கலாம். சிஸ்டம் குளிர்ந்திருக்கும்போது 1 முதல் 1.5 பார் இருக்கவேண்டும். உங்கள் சிவப்பு வெசல் போலவே அதில் இருக்கும் எக்ஸ்பான்ஷன் வெசலில் காற்று போய்விட்டால் ஹீட்டிங் போட்டதும் முள் 3 பார் வரை ஏறும், பிரஷர் கூடினால் தானாகத் திறக்கும் ரிலீஃப் வால்வு திறந்து வெளியே ஊற்றும், ஆறியதும் பூச்சியத்துக்கு விழும். ஆட்கள் ரேடியேட்டர், தரை என்று தேடுவார்கள். வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த வால்வின் செப்புக் குழாயில் ஒரு பொலித்தீன் பையைக் கட்டிவிட்டால் காலையில் பதில் தெரியும். சிலர் முள் விழ விழத் தண்ணீரை நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீரோடு ஒட்சிசன் உள்ளே போய் ரேடியேட்டர் உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

அக்கா, உங்கள் சோலர் தாங்கியிலும் ரிலீஃப் வால்வு இருக்கும். அதன் குழாய் எங்கே போகிறது?

மேல்மாடிக்காரி:

ஐயா, தம்பி, இரண்டு பேருக்கும் நன்றி. வெசல் ஊசியை அழுத்தினேன், காற்றும் இல்லை தண்ணீரும் இல்லை. மகனின் சைக்கிள் பம்பால் அடித்தோம், பிடித்து நிற்கிறது. ஷவர் இப்போது ஒரே சீராக வருகிறது.

கேட் வால்வைப் பூட்டியபோது முள் அசையவில்லை. ஹொட் வோட்டர் பக்கத்தை மட்டும் பூட்டியபோதும் அசையவில்லை. ரிலீஃப் வால்வுக் குழாயைப் பார்க்க ஏணி வைத்து ஏறவேண்டியிருந்தது. கூரைப் பீலிக்குள் விட்டிருக்கிறார்கள்! பீலி நெடுக வெள்ளைத் தழும்பும் பாசியும். கீழே இருந்து பார்த்தால் எந்தக் காலத்திலும் தெரியாது. டைல்ஸ் பாஸுக்குப் படம் அனுப்பினேன். அந்தக் குழாய்க்கு ஒரு எண்ட் கேப் போட்டு அடைத்துவிடலாம், செலவில்லை என்கிறார். போடலாமா?

பழைய ஸ்பனர்:

வேண்டவே வேண்டாம். அந்த ஆளை ஏணிப் பக்கமே விடாதீர்கள். 200 லீற்றர் தண்ணீர் 30 பாகையில் இருந்து 80 பாகைக்குச் சூடானால் கிட்டத்தட்ட 5 லீற்றர் பெருகும். நொன் ரிட்டர்ன் இருப்பதால் அது மேல் தாங்கிக்குத் திரும்ப முடியாது. வெசலில் காற்று இருந்தபோது அது வாங்கிக்கொண்டது. காற்று போன பிறகு பகலில் ரிலீஃப் வால்வு திறந்து திறந்து, வாயில் அழுக்கு உட்கார்ந்து, இரவிலும் சொட்டத் தொடங்கியிருக்கும். அதை அடைத்தால் தாங்கியே வெடிக்கலாம்.

வெயில் இறங்கிய பிறகு வால்வின் கைப்பிடியைத் தூக்கிக் கொஞ்சம் ஓடவிடுங்கள். கொதிநீர் வரும், கை கவனம். சில நேரம் அழுக்குக் கழுவுப்பட்டுச் சொட்டு நின்றுவிடும். நிற்காவிட்டால் புதிது வாங்குங்கள். ஹார்ட்வெயார் கடைகள் உள்ள பழைய சோனகத் தெருவுக்குப் போகும்போது பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். அதில் அடித்திருக்கும் பார் அளவே வேண்டும். இது கூடின பார், நல்லது என்று கடையில் தந்தால் வாங்கவேண்டாம். வெசல் காற்றை ஆறு மாதத்துக்கொருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மேல்மாடிக்காரி:

கைப்பிடியைத் தூக்கியும் சொட்டு நிற்கவில்லை. சனிக்கிழமை வீட்டுக்காரர் சோனகத் தெருவுக்குப் போகிறார். சுற்றிக் கட்டும் வெள்ளை டேப்பும் சேர்த்து எழுதிக் கொடுத்திருக்கிறேன்.