அப்டேட்: செத்துப்போச்சுன்னு சொன்ன கைனேஸ் சாகல
போன வாரம் பொலம்பியிருந்தேன்லா, ஏபிஎல் கைனேஸ் புரோட்டீன் (மத்த புரோட்டீன்ல பாஸ்பேட்ட மாட்டி விடுற என்சைம்) வேலையே செய்யல, பாளையங்கோட்டைல கரண்ட் போனப்ப ஃப்ரீசர்ல உருகிப் போச்சுன்னு, அது தப்பு மக்கா. புரோட்டீன் நல்லாத்தான் இருக்கு. கூறுகெட்டவன் நான்தான், பழைய பாட்டில் பஃபர்ல (சோதனைக்கு ஊத்துற கரைசல்) உலோக அயனிய புடிச்சுக்கிடுற ஈடிடிஏங்கிற கெமிக்கல் கெடந்திருக்கு, அது மெக்னீசியத்த பூரா புடிச்சு வச்சுக்கிடுச்சு, மெக்னீசியம் இல்லாம செல்லோட எனர்ஜி மூலக்கூறு ஏடிபில இருந்து பாஸ்பேட்ட கைனேஸ் எப்படி எடுத்து மாட்டும்? 10 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு போட்டு புது பஃபர் செஞ்சேன், கைனேஸ் வேலை செய்யுதத காட்டுற சிக்னல் சும்மா ஏறுது, கைனேஸ தடுக்குற புற்றுநோய் மருந்து இமாட்டினிப் விட்டா இறங்குது. சீனியர் அக்கா, "ஏல, லேபிள வாசிச்சியால?"ன்னு கேட்டாவ, பதிலே இல்ல. மிச்ச புரோட்டீன 5 மைக்ரோலிட்டரா பிரிச்சு மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர்ல வச்சாச்சு, உருக்கி உருக்கி உறைய வச்சா நெசமாவே செத்துரும்லா.