‘டர்ன் எ பிளைண்ட் ஐ’: பொருளும் பிறப்பும்

கேள்வி

மொழிபெயர்ப்பு ஒன்றைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன். விதிமீறலைக் கண்ட ஆய்வாளர்கள் ‘டர்ன் எ பிளைண்ட் ஐ’ (turn a blind eye; சொல்லுக்குச் சொல், ‘குருட்டுக் கண்ணைத் திருப்புதல்’) செய்தார்கள் என்ற ஆங்கிலத் தொடர், ‘ஆய்வாளர்கள் கண்மூடித்தனமாக நடந்துகொண்டார்கள்’ என்று தமிழாகியிருக்கிறது. படிக்கும்போது உறுத்துகிறது, ஆனால் ஏன் தவறு என்று எடுத்துச்சொல்ல எனக்கு வரவில்லை. இத்தொடர் எப்படிப் பிறந்தது, தமிழில் எப்படிச் சொல்வது என்று விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1

உங்கள் உறுத்தல் நியாயமானது. முன்பின் யோசிக்காமல் செய்வதே கண்மூடித்தனம். ஆங்கிலத் தொடர் குறிப்பதோ, நன்றாகத் தெரிந்திருந்தும் தெரியாததுபோல் விட்டுவிடுவதை.

இதன் பிறப்பாகப் பரவலாகச் சொல்லப்படுவது 1801 ஏப்ரல் 2 அன்று நடந்த கோபன்ஹேகன் கடற்போர். சண்டை உச்சத்தில் இருந்தபோது, பிரிட்டன் கடற்படையின் தலைமைத் தளபதி ஹைட் பார்க்கர் போரை நிறுத்தச் சொல்லும் 39ஆம் எண் கொடியைத் தொலைவிலிருந்த தம் கப்பலில் ஏற்றினார். 1794இல் கோர்சிகாத் தீவின் கால்வி முற்றுகையில் வலக்கண் பார்வையை இழந்திருந்த, பார்க்கருக்குக் கீழிருந்த கடற்படைத் தளபதி நெல்சன், அருகிலிருந்த கேப்டன் ஃபோலியிடம், “எனக்கு ஒரு கண்தான், சில நேரம் குருடாக இருக்க எனக்கு உரிமை உண்டு” என்று சொல்லி, தொலைநோக்கியைப் பார்வையற்ற கண்ணில் வைத்து, கொடி தெரியவில்லை என்றாராம். நெருங்கிப் போரிடச் சொல்லும் 16ஆம் எண் கொடியோ அவர் கப்பலில் இறங்காமலே பறந்தது. அதே கப்பலில் இருந்த கர்னல் வில்லியம் ஸ்டூவர்ட்டின் விவரிப்பு வழியாகவே இக்கதை நம்மை எட்டியிருக்கிறது.

மறுமொழி 2

மேலே உள்ள விளக்கத்தோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அந்தக் கதையிலும் நெல்சன் இத்தொடரை அப்படியே சொல்லவில்லை. அவருடைய செயலே தொடருக்கு உருவம் கொடுத்தது என்று சொல்லப்படுகிறது. அச்செயலின் நுட்பத்தைச் சட்டம் அழகாகப் பிடித்திருக்கிறது. 2001இல் ‘ஸ்டார் சீ’ என்ற கப்பலின் காப்பீட்டு வழக்கில், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இயங்கிய பிரிட்டன் பிரபுக்கள் சபை, ‘பிளைண்ட் ஐ’ அறிவு என்பதை விளக்கும்போது நெல்சனையே எடுத்துக்காட்டியது. நல்ல கண்ணில் வைத்தால் எது தெரியும் என்று அவருக்குத் தெரியும்; அதைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே மற்றக் கண்ணில் வைத்தார். வெறும் கவனக்குறைவு வேறு, காரணத்தோடு பார்க்க மறுப்பது வேறு என்பதே அங்கு வலியுறுத்தப்பட்டது. மொழிபெயர்ப்பிலும் இந்த வேறுபாட்டை விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மறுமொழி 3

அப்படியானால், ‘கண்டும் காணாமல் இருந்துவிட்டார்கள்’ என்பதைவிடப் பொருத்தமான தமிழ் இல்லை. ‘பாராமுகம்’ இங்கு ஒட்டாது; அது உறவிலும் அன்பிலும் காட்டும் புறக்கணிப்பு. ‘கண்ணை மூடிக்கொண்டார்கள்’ என்பதும் பொருந்தும், ஆனால் ‘கண்டும்’ என்ற சொல்லில் உள்ள அந்த ‘உம்’, பார்த்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

கேட்டவர்

மிக்க நன்றி. ‘விதிமீறலை ஆய்வாளர்கள் கண்டும் காணாமல் விட்டுவிட்டார்கள்’ என்று திருத்திவிட்டேன். பழைய வாக்கியத்தில் அவர்கள் யோசிக்கத் தவறியவர்களாக மட்டுமே தெரிந்தார்கள். இப்போது பொறுப்பு அவர்கள்மேல் தெளிவாக விழுகிறது.