38 வயதில் மேனேஜ்மென்ட் பிஎச்டி: கிறிஸ்டென்சனைப் பார்த்து ஆசைப்படலாமா?

பம்புசெட்:
பதினாலு வருடமாக மோட்டார் டிசைன் வேலை. பெரிய வாடிக்கையாளர்கள் கேட்டதையெல்லாம் ஒழுங்காகச் செய்துகொடுத்தும் எங்கள் கம்பெனி சின்ன மோட்டார் சந்தையைக் கோட்டை விட்டது. ஏன் என்று மண்டையைக் குடைகிறது, இதையே ஆராய்ச்சியாக எடுக்கலாமா என்று தேடினால் திரும்பிய பக்கமெல்லாம் கிளேட்டன் கிறிஸ்டென்சன் பெயர்தான். வேலையை விட்டு வந்து ஹார்வர்டு பேராசிரியரானவராமே, எப்படி? நல்ல வாடிக்கையாளர்கள் சொல்வதையே கேட்டுக்கொண்டிருக்கும் பெரிய கம்பெனியைக் கீழிருந்து வரும் சின்னப் புதுக் கம்பெனி கவிழ்த்துவிடும் என்கிற அவர் கோட்பாடு இன்னும் நிற்கிறதா?

பின்பெஞ்ச்:
38 எல்லாம் ஒரு வயதா! அவர் டாக்டரேட் வாங்கியது 1992ல், 40 வயதில். அதற்கு முன் பாஸ்டன் கன்சல்டிங்கில் ஆலோசகர், 1984ல் எம்ஐடி பேராசிரியர்களோடு சேர்ந்து ஒரு செராமிக் கம்பெனி. 1997ல் இந்தக் கோட்பாட்டைச் சொல்லும் 'தி இன்னோவேட்டர்ஸ் டைலமா' புத்தகம் வந்ததும் இன்டெல் தலைவர் ஆண்டி குரோவே அவரைக் கூப்பிட்டுக் கேட்டார். நம் டிசிஎஸ் இயக்குநர் குழுவில்கூட இருந்திருக்கிறார்.

நூலகப்பூனை:
வயதை விடுங்கள், அவர் எந்தத் தொழிலை ஆராய எடுத்தார் என்று பாருங்கள். மரபியல்காரர்கள் மனிதனை விட்டுவிட்டுப் பழ ஈயைப் பிடிப்பது ஏன்? தலைமுறை சட்டென்று மாறும். தொழில்களில் அப்படி ஒரு ஈ எது என்று பார்த்துத்தான் கணினியில் தகவலைச் சேமிக்கும் டிஸ்க் டிரைவுக்கு வந்தார். 14 அங்குலம், 8, 5.25, 3.5 என்று அளவு சுருங்கச் சுருங்க, முந்தின அளவில் கொடிகட்டிப் பறந்தவர்களில் பலர் அடுத்ததில் காணாமல் போனார்கள். தொழில்நுட்பம் தெரியாமல் இல்லை. சீகேட் என்ற டிஸ்க் டிரைவ் கம்பெனியின் என்ஜினீயர்கள் 1985லேயே 3.5 அங்குல மாதிரிகளைச் செய்துவிட்டார்கள், ஆனால் மேசைக் கணினி செய்கிற வாடிக்கையாளர்களிடம் காட்டியபோது அவர்களுக்கு வேண்டியது அதிகக் கொள்ளளவு, இந்தச் சின்னப் பெட்டி யாருக்கு வேண்டும் என்றுவிட்டார்கள், அதோடு திட்டம் கிடப்பில். கையில் தூக்கிப்போகும் கணினிக்கு அதை விற்று முந்தியது கானர் என்ற புதுக் கம்பெனி. உங்கள் கம்பெனிக் கதையும் இதேதானே?

எதிர்க்கட்சி:
மிச்சக் கதையையும் சொல்லுங்கள் பூனை. அந்தக் கானரை 1996ல் விலைக்கு வாங்கியதே சீகேட்தான்! வரலாற்றாசிரியர் ஜில் லெபோர் 2014ல் இதை வைத்துத்தான் கோட்பாட்டைக் கிழித்தார். அடுத்த வருடம் இரண்டு ஆய்வாளர்கள் கிறிஸ்டென்சன் காட்டிய 77 உதாரணங்களை அந்தந்தத் துறை ஆட்களிடமே கேட்டுச் சரிபார்த்ததில், கோட்பாட்டின் நான்கு கூறுகளுக்கும் பொருந்தியது 9 சதவீதம்தான். 2007ல் ஐபோன் தேறாது என்று வேறு சொல்லிவைத்தார் மனுஷன்.

நூலகப்பூனை:
9 சதவீதம் சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஐபோனை ஃபோனோடு ஒப்பிட்டதுதான் தப்பு, அது தாக்கியது லேப்டாப்பை என்று பின்னால் அவரே சொன்னார். ஆனால் பம்புசெட்டுக்கு அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது முடிவு இல்லை, வேலை செய்த விதம். ஒரே தொழில், ஆண்டுவாரியாக ஒவ்வொரு கம்பெனி, ஒவ்வொரு மாடல் என்று டேட்டா திரட்டினார். கோட்பாட்டை அடிக்க வந்தவர்களும் அந்த டிஸ்க் டிரைவ் வரலாற்றுக்குள் இறங்கித்தான் அடிக்க வேண்டியிருந்தது. கைடு தேடும் முன் அப்படி ஒரு டேட்டா உங்களுக்குக் கிடைக்குமா என்று பாருங்கள்.

பம்புசெட்:
மோட்டார் பழ ஈ ஆகாது, ஒரு மாடல் பதினைந்து வருடம் ஓடும். ஆனால் சின்ன மோட்டார் கேட்டு வந்து நாங்கள் வேண்டாம் என்று திருப்பின விசாரணைக் கடிதங்கள் பழைய ஸ்டோர் ரூமில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. திங்கட்கிழமை போய்ப் பார்க்கிறேன், கரையான் மிச்சம் வைத்திருந்தால்.