பண்டைச் சீனத்தில் தெய்வப் பிறப்புக் கதைகளும் அரசுரிமையும்

காரைக்குடி வாசகி:
எங்கள் வாசகர் வட்டத்தின் அடுத்த கூட்டத்தில் பண்டைச் சீன அரசர்களைப் பற்றிப் பேச இருக்கிறேன். கரும்பறவையின் முட்டையை விழுங்கிய ஜியன்டி ஷாங் குலமுதல்வனைப் பெற்றாள் என்றும், இறைவனின் காலடித் தடத்தை மிதித்த ஜியாங் யுவான் ஜோவ் குலமுதல்வனான ஹோவ் ஜியைப் பெற்றாள் என்றும் பழம்பாடல்கள் கூறுகின்றன. இரு குலத்துக்கும் தெய்வப் பிறப்பு உண்டென்றால், கி.மு. 1046-ஐ ஒட்டி ஷாங்கை வீழ்த்திய ஜோவ் மன்னர்கள் தங்கள் ஆட்சியை எப்படி நியாயப்படுத்தினார்கள்?

தேவகோட்டை, ஓய்வுபெற்ற ஆசிரியர்:
ஆச்சி, பிறப்புக் கதை ஒரு குலம் ஆளத் தகுதியானது என்று சொல்லுமே தவிர, அந்தத் தகுதி எப்போது போகும் என்று சொல்லாது. ஆமையோட்டிலும் மாட்டெலும்பிலும் குறி பார்த்து முன்னோரிடம் கேட்கும் உரிமை ஷாங் அரசனிடம் இருந்தது. அத்தகையவனை வீழ்த்தியவர்களுக்குப் பிறப்புக் கதை மட்டும் போதவில்லை. ஆகவே, வானம் அறமுடையவனுக்கு ஆணை தரும், அறம் தவறினால் அதைப் பறித்துக்கொள்ளும் என்றார்கள். ஷாங்கும் முன்பு சியா குலத்திடமிருந்து அப்படித்தானே ஆட்சியைப் பெற்றது என்று, தோற்ற ஷாங் பிரபுக்களிடமே எடுத்துரைத்தார்கள். இந்த வாதத்தின் வலிமை என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

சிவகங்கை நண்பர்:
ஆசிரியர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நம் பக்கத்துச் சேதுபதிகளும், இராமபிரானே தங்களைச் சேதுவின் காவலராக நியமித்தார் என்ற மரபைப் போற்றினார்கள். அவர்களுக்கேனும் காக்க ஒரு தலம் இருந்தது. கி.மு. 202-இல் ஹான் குலத்தின் முதல் பேரரசரான லியூ பாங்கோ குலப்பெருமை ஏதுமற்ற உழவர் குடியில் பிறந்தவர். அதனால்தான், புயலின்போது குளக்கரையில் அவருடைய தாயை ஒரு டிராகன் அணைந்தது என்றும், அவர் வெட்டிய வெண்பாம்பு வெள்ளைப் பேரரசன் என்ற தெய்வத்தின் மகன் என்றும் கதைகள் எழுந்தன. ஹான் அரசவையில் பணியாற்றிய சீமா சியென் அவற்றைத் தம் வரலாற்று நூலில் பதிவு செய்திருக்கிறார். பின்னர் கி.பி. 9-இல் அரியணையைக் கைப்பற்றிய வாங் மாங், யாவ் மன்னன் ஷுன் மன்னனுக்கு அரசைக் கொடுத்த பழங்கதையைக் காட்டி, யாவ் வழிவந்த ஹான் குலம் ஷுன் வழிவந்த தமக்கு அதைத் தந்துவிட்டதாக அறிவித்தார்.

காரைக்குடி வாசகி:
மிக்க நன்றி. அப்படியானால் வானத்தின் ஆணை என்ற இந்த நம்பிக்கை ஆண்டவர்களையும் கட்டுப்படுத்தியதா?

தேவகோட்டை, ஓய்வுபெற்ற ஆசிரியர்:
ஓரளவு கட்டுப்படுத்தியது, ஆச்சி. வெள்ளம், வறட்சி, கிரகணம் எல்லாம் வானத்தின் எச்சரிக்கையாகப் பார்க்கப்பட்டன. கி.மு. 178-இல் சூரிய கிரகணம் நேர்ந்தபோது, ஹான் பேரரசர் வென் பழியைத் தம்மீது ஏற்று, தம் குறைகளை எடுத்துச் சொல்லுமாறு ஆணை பிறப்பித்தார். உங்கள் உரையில் இதற்குக் கட்டாயம் இடம் கொடுங்கள்.