இன்டர்மிட்டன்ட் ஃபால்ட்: இடைவிடு பழுதா, இடைவிடு கோளாறா?

அன்புள்ள குழுவினருக்கு,

பழைய வண்டிகளின் வேகமானியைச் சரிசெய்யும் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதும்போது 'இன்டர்மிட்டன்ட் ஃபால்ட்' என்ற இடத்தில் வேலை நின்றுவிட்டது. 'இடைப்பட்ட பழுது' என்றால் நடுவில் கிடப்பது என்றுதான் பொருள் வருகிறது. பட்டறைப் பேச்சில் 'விட்டு விட்டு வேலை செய்யுது' என்பார்கள். 'இடைவிடாத மழை' என்பது எல்லோர் வாயிலும் இருக்கிறது. அந்த 'இடைவிடு'வையே எடுத்து 'இடைவிடு பழுது' என்று வைக்கலாமா? வினைத்தொகை, ஆகவே வல்லினம் மிகாது. நேற்று விட்டதற்கும் நாளை விடப்போவதற்கும் சேர்த்தே நிற்கும். முள் நடுங்குவது, சுழிக்கு (பூஜ்யத்துக்கு) விழுவது, உச்சியில் ஒட்டிக்கொள்வது எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சொல்லே போதும் என்று நினைக்கிறேன்.

*

> எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சொல்லே போதும்

வணக்கம் ஐயா. 'இடைவிடு' அருமை. ஆனால் மூன்றையும் ஒரே சொல்லில் அடைத்தால் கையேட்டைப் படிப்பவர் தவறான இடத்தைக் கழற்றுவார்.

கேபிள் வகை வேகமானி 1902-இல் ஓட்டோ ஷுல்ட்சே காப்புரிமை பெற்ற அமைப்பிலிருந்து அடிப்படையில் மாறவில்லை. கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. அதைத் தொடாமல் சூழ்ந்திருக்கும் அலுமினியக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் எழுந்து கிண்ணத்தைத் திருப்ப முயல்கிறது. மயிர்ச்சுருள் என்னும் மெல்லிய சுருள்வில் அதை எதிர்க்கிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. கிலோமீட்டர் எண்களோ அதே காந்தத் தண்டிலிருந்து பற்சக்கரம் வழியே ஓடுகின்றன. அதனால் முதல் கேள்வி இதுதான்: முள் விழும் நேரத்தில் எண்கள் ஓடுகின்றனவா? அவையும் நின்றால் குறை பெரும்பாலும் மீட்டருக்குக் கீழே, கேபிளிலோ கியர்பாக்ஸில் கேபிளைச் சுழற்றும் சிறு பற்சக்கரமான மீட்டர் பினியனிலோ இருக்கும். எண்கள் ஓடி முள் மட்டும் விழுந்தால் மீட்டருக்குள்ளே கிண்ணம், மயிர்ச்சுருள் பக்கம் பார்க்க வேண்டும்.

நடுக்கம் வேறு. கேபிளின் உள்கம்பி உலர்ந்தோ மடிந்தோ உறைக்குள் பிடிக்கும், முறுக்கேறும், சட்டென விடுபட்டுத் துள்ளும். அந்தத் துள்ளல்தான் முள்ளில் தெரிகிறது. உள்கம்பியை உருவி மண்ணெண்ணெயில் துடைத்து, இரு முனைகளையும் பிடித்து ஊஞ்சல் கயிறுபோலத் தொங்கவிட்டு ஒரு முனையை விரலால் மெல்ல உருட்டிப் பாருங்கள். நல்ல கம்பி சீராகச் சுழலும். மடிந்த கம்பி ஒரு கணம் தயங்கிப் பிறகு குதித்துத் திரும்பும். அப்படிக் குதித்தால் கிரீஸ் போட்டுப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். திரும்பப் போடும்போது எந்த வளைவும் 15 செ.மீ. ஆரத்துக்குக் குறையக் கூடாது.

கிரீஸை மெல்லிய படலமாக மட்டும் தடவி, மீட்டர் பக்கம் கடைசி 15–20 செ.மீ.-யை உலர்வாக விடுங்கள். இதில் பலர் தவறுகிறார்கள். உள்கம்பி திருகுபோல முறுக்கப்பட்டது. சுழலச் சுழல மசகை மேலே ஏற்றிவிடும். அது கிண்ணத்துக்கும் காந்தத்துக்கும் இடையே புகுந்தால் இரண்டும் ஒட்டி முள் உச்சிக்குப் போய்விடும். நீங்கள் சொன்ன மூன்றாவது குறி பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது.

உண்மையில் 'இடைவிடு' என்று சொல்லத் தக்கது சுழிக்கு விழுந்து எழுவது மட்டுமே. உள்கம்பியின் சதுர முனை தேய்ந்து உருண்டிருக்கும், அல்லது மீட்டர் பக்கம் போதிய நீளம் வெளியே நீண்டிராது. பல மீட்டர்களுக்குச் சுமார் 10 மி.மீ. வேண்டும். சில வேளை கம்பி உறைக்குள்ளேயே அறுந்து, அறுந்த நுனிகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு சிறிது தூரம் சுழலும், பிறகு நழுவும்.

மின்னணு வகையில் உணரிக்கு (சென்சாருக்கு) போகும் கம்பி உள்ளே அறுந்திருக்கலாம், இணைப்பு முள்ளில் களிம்பு ஏறியிருக்கலாம், மீட்டரின் மின்சுற்றுப் பலகையில் பற்றாசு (சால்டர்) விரிசல் விட்டிருக்கலாம். காந்தப்புலத்தை உணரும் மூன்று கம்பி ஹால் உணரியானால், அது எந்தச் சக்கரத்தின் சுழற்சியை உணர்கிறதோ அதைத் தூக்கித் தாங்கியில் நிறுத்தி, சாவியைப் போட்டுக் கையால் மெல்லச் சுற்றுங்கள். குறிகை (சிக்னல்) கம்பியில் மின்னழுத்தம் மாறி மாறி ஏறி இறங்க வேண்டும். சுற்றிக்கொண்டே கம்பிக்கட்டை அசைத்தால், எந்த இடத்தில் கை பட்டதும் ஏற்ற இறக்கம் நிற்கிறதோ அங்கேதான் குறை. பற்றாசு விரிசலுக்குப் பூதக்கண்ணாடி வேண்டும். இணைப்பு முள்ளைச் சுற்றி மயிரிழை அளவுக்குச் சாம்பல் வளையம் ஒன்று தெரியும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைக்க வேண்டும். பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றாமல் மீட்டரை வெளியே எடுக்காதீர்கள்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். அந்த வளைய விரிசல், முள் ஒழுங்காக ஓடும்போதும் அங்கேயேதான் இருக்கிறது. பலகை சூடேறி விரியும்போது தொடுகிறது, ஆறினால் விலகுகிறது. ஆக, உள்ளே இருக்கும் குறையைப் பழுது என்றும் வெளியே தெரிவதைக் கோளாறு என்றும் கொண்டால், பழுது இடைவிடுவதில்லை, இடைவிடுவது கோளாறு. 'பழுது இடைவிட்டது' என்று எழுதினால், படிப்பவர் அது சரியாகிவிட்டது என்றே எடுத்துக்கொள்வார். 'இடைவிடு கோளாறு' என்பதே என் பரிந்துரை.

*

> பழுது இடைவிடுவதில்லை, இடைவிடுவது கோளாறு

ஏற்கிறேன் ஐயா. வழக்கில் இரண்டு சொல்லும் கலந்து வருகின்றன என்பது உண்மை. ஆனால் கையேட்டுக்குள் பிரித்து ஆள்வதில் தடையில்லை. மற்ற இரண்டுக்கும் 'முள்நடுக்கம்', 'முள்ளொட்டு' என்று வைத்துக்கொள்கிறேன்.

'வேகமானி'யையும் மாற்றவில்லை. தமிழக இயற்பியல் நூல்களில் 'வேகம்' என்பது இலங்கை நூல்களில் 'கதி'. அங்கே 'வேகம்' என்றால் திசையும் சேரும். இந்தக் கருவிக்குத் திசை தெரியாதுதான். என்றாலும் ஊன்றிப்போன சொல்லை இதற்காக அசைக்க மனமில்லை.

திருத்திய பத்தி:

"இடைவிடு கோளாறு: ஓட்டத்தின்போது முள் சுழிக்கு விழுந்து, தானே எழும். சோதிக்கும்போது கோளாறு தெரியவில்லை என்பதால் பழுது இல்லை என்று முடிவு செய்ய வேண்டாம். கம்பிக்கட்டை அசைத்தும், மீட்டர் பலகையைச் சூடாகவும் ஆறிய பின்பும் என இருமுறை சோதிக்கவும்."