கூச்சமா, சமூகப் பதற்றமா? சிபிடி சிகிச்சையில் என்னதான் செய்வார்கள்?

கேள்வி: கடலூர் பயணி

வணக்கம். நான் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறேன். தவளக்குப்பம் பக்கத்தில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 27. சென்ற மாதம் மனநல மருத்துவர் ஒருவரைப் பார்த்தபோது, எனக்கு இருப்பது சமூகப் பதற்றம் என்றும், மருந்துக்குப் போவதற்கு முன் சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை எடுத்துப் பார்க்கலாம் என்றும் சொன்னார். அதை விளக்க அவருக்கு நேரமில்லை. கேட்க எனக்கு வாய் வரவில்லை.

என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். காலையில் பேருந்து தவளக்குப்பத்தில் நிற்காமல் கிளம்பிவிட்டால், "நிறுத்துங்கள், இறங்கணும்" என்று குரல் கொடுக்க என்னால் முடிவதில்லை. எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று நினைத்த உடனேயே தொண்டை அடைத்துக்கொள்கிறது. நோணாங்குப்பத்தில் இறங்கி ஷேர் ஆட்டோவில் திரும்பி வந்த நாட்கள் உண்டு. கல்யாணப் பந்தியில் தெரியாதவர் எதிரில் உட்கார்ந்தால் சாப்பாடு இறங்காது. மேலாளர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கையெழுத்துப் போட்டால் விரல் நடுங்கும் என்பதற்காக, அவர் வருவதற்கு முன்பே எல்லாத் தாள்களிலும் போட்டு வைத்துவிடுவேன். இப்போது மாதாந்தரக் கணக்கை அனைவர் முன்னிலையிலும் நின்று விளக்கும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. உடல்நிலையைக் காரணம் காட்டி விலகிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் இதைக் கூச்ச சுபாவம் என்கிறார்கள்; கல்யாணம் ஆனால் தன்னால் சரியாகிவிடுமாம். இந்தச் சிகிச்சை என்பது "தைரியமாக இருங்கள், உங்களை யாரும் கவனிக்கவில்லை" என்று அறிவுரை சொல்வதுதானா? அப்படியென்றால் அதை எனக்கு நானே ஆயிரம் முறை சொல்லிப் பார்த்தாகிவிட்டது. மருந்து இல்லாமல் இது குணமாகுமா? கடலூரிலோ புதுச்சேரியிலோ தமிழிலேயே பேசிச் சிகிச்சை பெற வழி இருக்கிறதா?

பதில்: முத்தியால்பேட்டை ஆசிரியர்

சகோதரிக்கு வணக்கம். சில ஆண்டுகளுக்கு முன் இதே சிகிச்சையை எடுத்துக்கொண்டவன் என்ற முறையில் எழுதுகிறேன். அறிவுரை என்று அங்கே எதுவும் கிடைக்கவில்லை, கிடைத்ததெல்லாம் வேலைதான்.

அண்மையில் நடந்த ஒரு சம்பவத்தை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லி உளவியலாளர் ஆரம்பித்தார். பெற்றோர் கூட்டத்தில் நான் பேசிய நாளைச் சொன்னேன். அப்போது மனதில் ஓடிய எண்ணம் என்ன, உடலில் தெரிந்தது என்ன, அதை மறைக்க நான் என்னென்ன செய்தேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரே தாளில் வரைந்தார். மறைப்பதற்கு நான் செய்துவந்த காரியங்களின் பட்டியல்தான் என்னையே வியக்க வைத்தது: மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொள்வது, யார் முகத்தையும் பாராமல் பின்சுவரைப் பார்த்துப் பேசுவது, அடுத்த வாக்கியத்தை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே இருப்பது, வியர்வை தெரியாதிருக்க வெயில் காலத்திலும் அடர்நிறச் சட்டையே போடுவது. இவற்றைப் பாதுகாப்பு நடத்தைகள் என்கிறார்கள். தாயத்துக் கட்டியவனுக்குப் பேய் வராவிட்டால் பெருமை தாயத்துக்குத்தானே போகும்? அதுபோல, கூட்டம் நல்லபடியாக முடிந்தாலும், மேசையைப் பிடித்திருந்ததால்தான் தப்பித்தேன் என்றே மனம் கணக்கு எழுதிக்கொள்ளும். எத்தனை கூட்டத்தில் பேசினாலும் என் பயம் குறையாததற்கு அதுதான் காரணம் என்று அப்போது புரிந்தது.

பிறகு, அறிமுகமில்லாத ஒருவருடன் இரண்டு தடவை பேசவைத்தார்கள். முதல் தடவை வழக்கம்போல என்னையே கண்காணித்துக்கொண்டு பேச வேண்டும். இரண்டாவது தடவை அந்தத் தந்திரங்களையெல்லாம் விட்டுவிட்டு, எதிரில் இருப்பவர் சொல்வதில் மட்டும் கவனத்தை வைக்க வேண்டும். இரண்டையும் வீடியோ எடுத்தார்கள். போட்டுக் காட்டுவதற்கு முன், நான் எப்படித் தெரிவேன் என்று என் வாயாலேயே சொல்லச் சொன்னார்கள். முகம் செக்கச் செவேலென்று இருக்கும், குரல் உடையும் என்றேன். திரையில் இருந்தவர் சற்றுக் களைத்த ஒரு சாதாரண வாத்தியார். இரண்டாவது பேச்சில் அவர் நன்றாகவே பேசினார். முதல் பேச்சில்தான் எங்கோ பார்த்துக்கொண்டு, கேட்பவர்மீது அக்கறை இல்லாதவர்போல் தெரிந்தார்.

அதற்குப் பின் வெளிச்சோதனைகள். பெரிய மார்க்கெட்டில் மீன் விலையைக் கேட்டுவிட்டு வாங்காமல் நகர வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. போவதற்கு முன் என்ன நடக்கும் என்பதையும், அதை எத்தனை சதவீதம் நம்புகிறேன் என்பதையும் நோட்டில் எழுத வேண்டும். "திட்டுவார், சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள், 90 சதவீதம்" என்று எழுதிவிட்டுப் போனேன். ஒரு மீன்காரம்மா உண்மையாகவே திட்டினார். திட்டி முடித்த கையோடு அடுத்தவரிடம் வஞ்சிரத்துக்கு விலை சொல்ல ஆரம்பித்துவிட்டார், யாரும் சிரிக்கவில்லை. திட்டாமல் விட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயன் கிடைத்திருக்காது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

பதில்: நெல்லித்தோப்பு வாசகர்

எல்லோருக்கும் இப்படி வாய்ப்பதில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். "பயத்தை எதிர்கொண்டால் போய்விடும்" என்று சொல்லி என்னை ஒரு பேச்சுப் பயிற்சி வகுப்பில் சேர்த்தார்கள். வாரந்தோறும் மேடை ஏறினேன். மூச்சுப் பயிற்சியும் செய்தேன். தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்று ப்ராப்ரனலால் மாத்திரையும் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு பேச்சுக்குப் பிறகும் விடியும்வரை அதையே அசைபோட்டதுதான் மிச்சம். எதிர்கொள்வது மட்டுமே மருந்து என்றால் எனக்கு எப்போதோ குணமாகியிருக்க வேண்டாமா?

பதில்: உளவியலாளர், மஞ்சக்குப்பம்

நெல்லித்தோப்பு நண்பரின் கேள்வி நியாயமானது. வெறுமனே எதிர்கொள்வதையும் இந்தச் சிகிச்சையையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால்தான் பலர் பாதியில் மனம் சோர்ந்துவிடுகிறார்கள். சிபிடியின் அடிப்படையை 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் மனச்சோர்வு நோயாளிகளுக்காக வகுத்தார். சமூகப் பதற்றத்துக்கென்று உளவியலாளர்கள் டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் இருவரும் 1995இல் வெளியிட்ட விளக்கம், இத்தனை பேருடன் அன்றாடம் பழகியும் இந்தப் பயம் ஏன் தேயாமல் இருக்கிறது என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறது. கவனம் முழுவதும் உள்ளே திரும்பிவிடுகிறது. உள்ளே உணரும் படபடப்பை வைத்தே, வெளியில் இருப்பவர்களுக்கு நாம் எப்படித் தெரிகிறோம் என்று தீர்மானித்துவிடுகிறோம். அது உண்மையா என்று பார்க்கவிடாமல் பாதுகாப்பு நடத்தைகள் மறைக்கின்றன. முடிந்த பிறகு, குறைகளை மட்டும் பொறுக்கி எடுத்து அசைபோடுகிறோம். இந்த நான்கையும் அப்படியே வைத்துக்கொண்டு எத்தனை மேடை ஏறினாலும் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள முடியாது. மூச்சுப் பயிற்சிகூட, "இதைச் செய்யாவிட்டால் நடுங்கிவிடுவேன்" என்று செய்யப்படும்போது இன்னொரு பாதுகாப்பு நடத்தை ஆகிவிடுகிறது.

ப்ராப்ரனலால் இதயப் படபடப்பையும் கை நடுக்கத்தையும் சில மணி நேரம் தணிக்குமே தவிர, அன்றாடச் சமூகப் பதற்றத்துக்கான சிகிச்சை அன்று. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்தாகவும் முடியலாம் என்பதால், மருத்துவர் சொல்லாமல் யாரும் அதைத் தொட வேண்டாம்.

மருந்து இல்லாமல் குணமாகுமா என்று கேட்டிருந்தீர்கள். பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு முதலில் தனிநபர் சிபிடியைத்தான் பரிந்துரைக்கிறது. கிளார்க்–வெல்ஸ் முறை என்றால், ஒவ்வொன்றும் 90 நிமிடம் கொண்ட 14 அமர்வுகள்வரை, சுமார் நான்கு மாதம். சிபிடி வேண்டாம், மருந்தே போதும் என்பவர்களுக்கு எஸ்சிட்டலோபிராம் அல்லது செர்ட்ராலின். 101 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த பகுப்பாய்விலும் தனிநபர் சிபிடியே முன்னணியில் இருந்தது. ஆனால் மனச்சோர்வும் சேர்ந்திருந்தாலோ, தூக்கமும் பசியும் கெட்டிருந்தாலோ, மருந்தை வேண்டாம் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை.

நம் பகுதியில் 90 நிமிட அமர்வு கிடைப்பது அரிது. 45 நிமிடமே கிடைத்தால் வீட்டுப்பாடத்தைக் கூடுதலாகச் செய்ய வேண்டியிருக்கும். புதுச்சேரியில் கோரிமேடு ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. கடலூரில் அரசு தலைமை மருத்துவமனையில் விசாரிக்கலாம். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் அழைத்து எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். அது வழிகாட்டுமே ஒழிய முழுச் சிகிச்சை ஆகாது. தனியாரிடம் போவதானால், அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதில் தவறே இல்லை. பதிவு பெற்றவர்கள் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கல்யாணத்தைப் பற்றிச் சொல்வதானால், புதிய உறவினர் கூட்டத்தின் நடுவே போய் நிற்பது சிகிச்சை முறைகளில் எதிலும் இல்லை.

கடலூர் பயணி

எல்லோருக்கும் மிக்க நன்றி. கையெழுத்தை முன்பே போட்டு வைப்பதும் ஒரு பாதுகாப்பு நடத்தை என்று இப்போதுதான் உறைக்கிறது. சிகிச்சை தொடங்க எப்படியும் சில வாரம் ஆகும். அதுவரை அந்த மாதாந்தரக் கணக்கை மறுத்துவிடலாமா?

பதில்: உளவியலாளர், மஞ்சக்குப்பம்

மறுக்க வேண்டாம் என்பது என் கருத்து. இம்முறை மறுத்தால் அடுத்த மாதம் இன்னும் கடினமாகத்தான் இருக்கும். மேலாளரிடம் முதல் மாதம் ஐந்து நிமிடம் மட்டும் பேசுவதாகக் கேட்டுக்கொள்ளலாம். அது தப்பிப்பது ஆகாது. அதற்குள் கையெழுத்திலிருந்து ஆரம்பியுங்கள்: நாளைக்கு ஒரே ஒரு தாளை அவர் எதிரிலேயே போடுவதற்காக வைத்திருங்கள். நடுக்கத்தை அடக்க முயல வேண்டாம். அப்போது நீங்கள் உங்கள் விரலைப் பார்த்துக்கொண்டிராமல், அவர் எதைப் பார்க்கிறார் என்று கவனித்து, நீங்கள் எதிர்பார்த்ததையும் நடந்ததையும் எழுதி வையுங்கள். முதல் சந்திப்பில் உளவியலாளரிடம் விவரம் சொல்ல வாய் வராது என்று தோன்றினால், இங்கே நீங்கள் எழுதிய கேள்வியையே அச்செடுத்துக்கொண்டு போய்க் கொடுங்கள். அவருக்குத் தேவையான விவரங்களில் பெரும்பாலானவை அதிலேயே இருக்கின்றன.